பயன்படுத்திய நெம்புகோல் ரைஃபிள்: உள்ளே நடப்பதும் வாங்குவோர் பார்க்க வேண்டியதும்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில், பயன்படுத்திய துப்பாக்கிகளுக்கென்று ஒதுக்கிய வரிசையில் ஒரு நெம்புகோல் ரைஃபிளாவது பெரும்பாலும் இருக்கும். விசைக்கு (டிரிக்கருக்கு) கீழே விரல்கள் நுழையும் வளையத்தை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் உறை வெளியேறி அடுத்த தோட்டா ஏறிவிடும் வகை இது. வின்செஸ்டர் 1894 என்ற ஒரே மாதிரியில் மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ரைஃபிள்கள் தயாராயின. அதற்குப் போட்டியாக நின்ற மார்லின் 336, 1948-இல் வெளிவந்தது. இவ்விரண்டிலும் மிகுதியாகக் கிடைப்பவை 30-30 என்ற தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. வாங்க வருவோர் முதலில் மரக்கட்டையின் பளபளப்பையும் எஃகின் நீலநிறத்தையும் பார்க்கிறார்கள். அவை ரைஃபிளின் தோற்றத்தைத்தான் சொல்கின்றன. எந்தப் பாகம் எந்த அழுத்தத்தைத் தாங்குகிறது, எந்த உலோகம் எதன்மீது உரசுகிறது என்று அறிந்தவருக்கோ, அதே ரைஃபிள் தன் கடந்தகாலம் முழுவதையும் காட்டிவிடுகிறது.

விசையை அழுத்தியதும் சுத்தியல் தாக்கு ஊசியை அடிக்கிறது. ஊசி தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை நசுக்க, அதன் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. 30-30 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 2,850 மடங்கு. இந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளும் அதே கணத்தில் பித்தளை உறையின் அடிப்பகுதியைப் பின்னோக்கியும் தள்ளுகிறது. உறையின் உட்பரப்பைக் கணக்கில் கொண்டால், அது சுமார் இரண்டு டன் எடைக்கு நிகரான விசை. அந்த விசை ஒரு மில்லி நொடி அளவே நீடிக்கிறது என்றாலும், அந்த நேரம் முழுவதும் சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தொலைவில் ஏதோ ஒரு எஃகுத் துண்டு அதைத் தாங்கி நின்றாக வேண்டும். நெம்புகோல் ரைஃபிளின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த எஃகுத் துண்டைத் தேடிய வரலாறுதான்.

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860-இல் காப்புரிமை பெற்ற ரைஃபிளிலும், அதன் வழிவந்த வின்செஸ்டர் 1866, 1873 மாதிரிகளிலும், தோட்டா அறையைப் பின்னிருந்து மூடும் போல்ட்டின் பின்னால் இரண்டு இணைப்புத் துண்டுகள் இருந்தன. காலை நேராக நீட்டி ஊன்றும்போது முழங்கால் மடங்காமல் உடலின் எடையைத் தாங்குவதுபோல, இத்துண்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும்போது போல்ட் பின்வாங்க இயலாது. கருமருந்தால் இயங்கிய சிறிய தோட்டாக்களுக்கு இது போதுமானதாக இருந்தது. ஆனால் விசை முழுவதும் மெல்லிய இணைப்பு முனைகளின் வழியே செல்ல வேண்டியிருந்ததால் பெரிய தோட்டாக்களுக்கு அது தாங்கவில்லை. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வின்செஸ்டரின் 1886-ஆம் ஆண்டு மாதிரிக்காக வேறு வழி கண்டார்: நெம்புகோல் மூடும்போது எஃகுக் கட்டைகள் செங்குத்தாக மேலெழுந்து போல்ட்டைச் சட்டகத்தோடு பூட்டின. 1894 மாதிரியில் அது போல்ட்டின் பின்புறம் முழுவதையும் மறைத்து நிற்கும் ஒரே கட்டையாயிற்று. மறு ஆண்டே புகையற்ற மருந்துடன் வந்த 30-30 தோட்டாவை அந்த மாதிரி ஏற்க முடிந்ததற்கு இந்தப் பூட்டும், அதிக வலுவுள்ள நிக்கல் கலந்த எஃகுக் குழலும்தான் காரணம். மார்லின் 336-இலும் உருண்டையான போல்ட்டின் அடியில் உள்ள பள்ளத்துக்குள் ஒரு பூட்டுக்கட்டை கீழிருந்து ஏறி அமர்கிறது.

ஆகவே நெம்புகோலின் முதல் வேலை போல்ட்டை இழுப்பதன்று, பூட்டுக்கட்டையை இறக்குவதே. கட்டை விலகிய பின்புதான் போல்ட் பின்னே நகர்கிறது. அப்போது அதன் கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்க, ஒரு தட்டு அதை வெளியேற்ற, போல்ட்டின் பின்முனை சுத்தியலை மடக்கி நிறுத்துகிறது. குழலின் அடியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாயான மேகசினிலிருந்து வந்த புதிய தோட்டாவைக் கேரியர் என்னும் தூக்குப் பலகை குழலின் மட்டத்துக்கு உயர்த்துகிறது. மூடும் போல்ட் அதைத் தோட்டா அறைக்குள் தள்ளுகிறது. கடைசியாகப் பூட்டுக்கட்டை மீண்டும் ஏறுகிறது. மார்லினின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இந்தக் கடைசி அசைவில் உள்ளது. அதன் தாக்கு ஊசி இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. பூட்டுக்கட்டை முழுமையாக மேலேறி உயர்த்தினால் ஒழியப் பின்துண்டு முன்துண்டுடன் நேர்கோட்டில் வராது. பூட்டாத நிலையில் சுத்தியல் விழுந்தாலும் அடி பிரைமருக்குப் போய்ச் சேராது.

இந்த வரிசையைப் புரிந்துகொண்டவர் கடையில் எதைப் பார்ப்பது என்று தானே கண்டுகொள்வார். குழாய் வடிவ மேகசினில் ஒரு தோட்டா கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கக்கூடும் என்பதால், நெம்புகோலைப் பலமுறை இயக்கி, தோட்டா அறையையும் மேகசின் வாயையும் கண்ணால் பார்த்து, துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதி செய்த பின்பே மற்றவை. கடைக்காரரின் அனுமதியோடு சுத்தியலை மடக்கி வைத்து, விசையைத் தொடாமல் கட்டைவிரலால் அதை முன்னோக்கி அழுத்திப் பார்க்க வேண்டும். அது நழுவி விழுந்தால் விசையின் கொக்கி தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ விசையை இலகுவாக்க அரம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அத்தகைய ரைஃபிளை விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது. சட்டகத்தின் திருகுகளில் வெட்டுவாய்கள் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு உள்ளே கைவைத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்று அறியலாம்.

பூட்டுக்கட்டை தேய்ந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது. மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு அமரும் படிக்கும் இடையில் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ்; அது மிகுந்துவிட்டால் நடப்பது இது. ஊசியின் அடி தோட்டாவை முன்னே தள்ளிவிடுகிறது. அழுத்தம் ஏறும்போது பித்தளைச் சுவர்கள் விரிந்து அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் தடித்த அடிப்பகுதி அப்படிப் பற்றுவதில்லை. அது பின்னே நகர்ந்து போல்ட்டைத் தொடும்வரை, அதற்குச் சற்று மேலே உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. சுட்ட உறையின் அடியிலிருந்து சிறிது மேலே ஒரு பளபளப்பான வளையம் தெரிவது அந்த மெலிவின் அடையாளம். மீண்டும் மருந்திட்டுப் பயன்படுத்தும்போது அங்கேயே உறை இரண்டாகப் பிரியக்கூடும். இதை அளப்பதற்கென்று, உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டியது ஒன்று, மூடக் கூடாதது ஒன்று என இரண்டு எஃகு அளவைகள் துப்பாக்கிப் பணியாளர்களிடம் உண்டு. பழைய ரைஃபிளை முதன்முதலாகச் சுடுமுன் அந்தச் சோதனைக்குச் செலவிடும் சிறு தொகையை நான் ஒருபோதும் வீண் என்று கருதமாட்டேன்.

தோட்டா ஏறும் பாதையில் மார்லினுக்கென்று ஒரு பெயர்பெற்ற நோய் உண்டு. நெம்புகோலின் வளைந்த விளிம்பு கேரியரின் அடியில் ஓயாமல் உரசுவதால், காலப்போக்கில் அங்கே ஒரு சிறு வெட்டு விழுகிறது. அந்த வெட்டின் ஆழம் அளவுக்குக் கேரியர் தாழ்ந்து நிற்க, மேகசினில் உள்ள அடுத்த தோட்டா பாதி வெளியே நுழைந்து சிக்கிக்கொள்கிறது. நெம்புகோல் எந்தப் பக்கமும் அசையாது. மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் சிலவற்றை ஏற்றி, மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் இயக்கினால் இந்தக் குறை வெளிப்பட்டுவிடும். தேய்ந்த இடத்தில் உலோகம் சேர்த்துச் சரிசெய்யலாம், கேரியரையே மாற்றலாம். விலை பேசும்போது அதைச் சொல்ல வேண்டும்.

குழாய் மேகசின் தோட்டாவின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், ஒவ்வொரு குண்டின் நுனியும் முன்னே உள்ள தோட்டாவின் பிரைமர்மீது அழுந்துகிறது. நுனி கூராக இருந்தால், சுடும்போது ஏற்படும் பின்னுதைப்பில் அதுவே ஓர் ஊசியாகி மேகசினுக்குள்ளேயே வெடிப்பை உண்டாக்கலாம். அதனால்தான் 30-30 குண்டுகள் தட்டையான அல்லது மழுங்கிய மூக்குடன் வருகின்றன. தட்டை மூக்கு காற்றைக் கடினமாக எதிர்கொள்வதால் வேகத்தை விரைவில் இழக்கிறது: 150 கிரெய்ன் (ஏறத்தாழ 9.7 கிராம்) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 728 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 200 கெஜம் செல்வதற்குள் 513 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஆர்தர் சாவேஜ் தமது 1899 மாதிரியில் சுழலும் மேகசின் வைத்து இந்தச் சிக்கலை நீக்கினார். பின்னாளில் ஹார்னடி நிறுவனம் குண்டின் நுனியை மென்மையான பாலிமரால் செய்து, கூர்மையையும் பாதுகாப்பையும் ஒருசேரக் கொண்டுவந்தது.

குழலின் உட்புறத்தைப் பார்க்கும்போது காலக்கணக்கு உதவும். 1920-களின் இறுதிவரை அமெரிக்கத் தோட்டாக்களின் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து மிஞ்சும் பொட்டாசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் உப்பு என்பதால், அன்றைக்கே கழுவாத குழல்களில் துருக்குழிகள் விழுந்தன. எனவே இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வின்செஸ்டரில் சற்றே கருத்த குழல் இருப்பது வியப்பன்று. குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் விளிம்பு தெளிவாக இருந்தால் அது நன்றாகவே சுடும். குழலுக்குள் ஒரே இடத்தில் இருண்ட வளையம் தெரிந்தால் அங்கே எஃகு புடைத்திருக்கிறது என்று பொருள். அதை விட்டுவிட வேண்டும். வாய்விளிம்பை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். குண்டு வெளியேறும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட்டால்தான் குண்டு சாயாமல் போகும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என வரிவெட்டிய வின்செஸ்டர் குழலிலிருந்து வரும் குண்டு நொடிக்கு சுமார் 2,400 முறை சுழல்கிறது. விளிம்பில் உள்ள சிறு நெளிவு அந்தச் சுழற்சியின் அச்சைத் தொடக்கத்திலேயே ஆட்டிவிடுகிறது.

வயதை அறிவதும் இன்பமான வேலை. 1973 முதல் 2000 வரையிலான மார்லினில் தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 2000-இலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும். 25 என்று தொடங்கினால் அது 1975. வின்செஸ்டரில் 1964 ஒரு பிரிகோடு: அவ்வாண்டு செலவைக் குறைக்கச் செய்த மாற்றங்களால், அதற்கு முந்தையவை இன்றும் கூடுதல் விலை பெறுகின்றன. ஆனால் சேகரிப்பதற்கன்றிச் சுடுவதற்கு வாங்குபவர் 1964-க்குப் பிந்தையவற்றை ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பூட்டும் முறை அதுவேதான். உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும்போது 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையும் முடிய வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி ரைஃபிளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

சுடுதளத்தில் இந்த ரைஃபிளின் இயல்பே வேறு. 3.2 கிலோ எடையுள்ள மார்லின், குண்டும் வாயுவும் எடுத்துச் செல்லும் உந்தத்துக்கு ஈடாக நொடிக்கு சுமார் 3 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வருகிறது. அது தாங்கத்தக்க உதைப்புதான். கட்டையின் பின்முனை குழலின் கோட்டுக்குக் கீழே இருப்பதால் உதை ஒரு திருப்புவிசையாகி வாய்முனையை மேலே தூக்குகிறது. 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்தால் 200 கெஜத்தில் குண்டு சுமார் 20 செ.மீ. தாழ்ந்து விழும், இதை மனத்தில் வைத்துத் தொலைவில் உள்ள இரும்புத் தகட்டை ஒலிக்கச் செய்வதில் உள்ள மகிழ்ச்சி தொலைநோக்கியோடு சுடுவதில் கிடைப்பதில்லை. கண் மங்கியவர்கள் சட்டகத்தின் பின்புறம் சிறு துளைக் குறிநோக்கியைப் பொருத்திக்கொள்ளலாம். சிறு துளை ஒளிக்கதிர்களைக் குறுக்குவதால் முன்குறியும் இலக்கும் ஒருங்கே தெளிவாகத் தெரிகின்றன. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்கிறது.

பத்துப் பன்னிரண்டு தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் துளைகள் காகிதத்தில் மேலோ கீழோ நகரத் தொடங்குவதைக் காணலாம். அதைக் கைநடுக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. குழலையும் மேகசின் குழாயையும் உலோகப் பட்டைகள் சேர்த்துப் பிடித்துள்ளன. 50 செ.மீ. குழல் 50 பாகை சூடானால் ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும், சூடேறாத மேகசின் குழாய் நீளாது. நீள விடாமல் பிடித்த பட்டை குழலை நுட்பமாக வளைக்கிறது. மூன்று தோட்டா சுட்டுவிட்டு நெம்புகோலைத் திறந்து வைத்துக் குழலை ஆறவிடுவதே இதற்குத் தீர்வு. பட்டைகளின் இறுக்கத்தைச் சிறிது தளர்த்திப் பொருத்தினாலும் பலன் உண்டு. காதுக்கவசமும் கண்ணாடியும் ஒவ்வொரு முறையும் வேண்டும், ஏனெனில் ரைஃபிள் ஒலியின் உச்சம் 150 டெசிபெலைத் தாண்டுகிறது. முடிந்ததும் ஈயத்துகள் போகக் கைகளைக் கழுவ வேண்டும்.

சுத்தம் செய்வதில் மார்லினுக்கு ஒரு மேன்மை உண்டு. நெம்புகோலின் ஒரே திருகைக் கழற்றினால் நெம்புகோலும் அதைத் தொடர்ந்து போல்ட்டும் வெளியே வந்துவிடும். உள்ளே தளர்ந்து நிற்கும், உறையை வெளியேற்றும் தட்டு விழுந்து தொலையாமல் எடுத்து வைத்துக்கொண்டு, துடைப்புக் கம்பியைப் பின்புறத்திலிருந்தே செலுத்தலாம். வின்செஸ்டர் 1894-இல் போல்ட்டை எடுப்பது நீண்ட வேலை என்பதால் பலரும் வாய்முனை வழியாகவே கம்பியை விடுகிறார்கள். அப்படிச் செய்பவர் வாய்விளிம்பில் கம்பி உரசாதபடி ஒரு பித்தளைக் காப்பு வளையத்தைப் பயன்படுத்த வேண்டும். பழைய வின்செஸ்டர்களில் காணும் தேய்ந்த வாய்விளிம்புகளில் பல, சுட்டதனால் தேய்ந்தவையல்ல, இப்படித் துடைத்ததனால் தேய்ந்தவை.