சிப்பாய்: சொல்லும் அதன் தமிழும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வரலாற்று வகுப்பில் வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சிப் பாடம் நடந்து முடிந்த வாரத்தில், யாராவது ஒரு மாணவர் என்னிடம் வந்து, "ஐயா, சிப்பாய்க்குத் தமிழ் என்ன?" என்று கேட்பது வழக்கம். 'படைவீரர்' என்று ஒரே சொல்லில் விடை சொல்லி அனுப்பிவிடலாம். ஆயினும் அந்த விடை பாதிதான் சரி என்பதாலும், மீதிப் பாதியில், கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நம் பாரமகால் நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பதாலும், அதைச் சற்று விரிவாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

பாரசீக மொழியில் 'சிபாஹ்' என்றால் படை. படையைச் சேர்ந்தவன் 'சிபாஹி'. துருக்கியரின் உதுமானியப் பேரரசில் இச்சொல் நிலமானியம் பெற்றுப் போருக்கு வரும் குதிரை வீரனைக் குறித்தது. பிரெஞ்சு மொழியில் 'ஸ்பாஹி' என்று திரிந்து, வட ஆப்பிரிக்காவில் திரட்டப்பட்ட குதிரைப்படையினருக்குப் பெயரானது. இந்தியாவிலோ இதே சொல் காலாட்படை வீரனுக்கு உரியதாயிற்று. போர்த்துக்கீசியர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் புழங்கிய வடிவமே ஆங்கிலத்துக்கும் சென்றது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனிப் பகரம் வந்தால் அது மெலிந்து ஒலிக்கும். வல்லொலியைக் காக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். அதனால் 'சிபாஹி' நம்மிடம் 'சிப்பாய்' ஆனது. இறுதியிலிருந்த ஹகரம் தேய்ந்து யகர மெய்யாக நின்றுவிட்டது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இன்றும் 'சிபாயி' என்றே சொல்வதைக் கேட்கலாம். மூன்று மொழிகள் கலந்து பேசப்படும் நம் மாவட்டத்தில் ஒரே சொல்லின் இந்த வடிவங்கள் ஒரே சந்தையில் காதில் விழுகின்றன.

ஆனால் பிறப்பைவிட, இந்தியாவில் இச்சொல் அடைந்த பொருள்தான் முக்கியமானது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக்காரரும், அவர்களைப் பார்த்து ஆங்கிலேயரும், இந்நாட்டு ஆட்களை ஐரோப்பிய முறையில் அணிவகுக்கவும் துப்பாக்கி சுடவும் பழக்கினார்கள். மாதச் சம்பளம் பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் சீருடை அணிந்து, வெள்ளை அதிகாரியின் கட்டளைக்கு நின்ற இந்தியக் காலாட்படை வீரனே சிப்பாய். அதே களத்தில், அதே துப்பாக்கியோடு, அதே வேலையைச் செய்த ஐரோப்பியன் சிப்பாய் என்று அழைக்கப்படவில்லை. அவனுக்கு 'சோல்ஜர்' என்ற தனிப்பெயர் இருந்தது. ஆகவே சிப்பாய் என்ற சொல்லுக்குள் தொழில் மட்டும் இல்லை. தோலின் நிறமும் அதற்குரிய இடமும் சேர்ந்தே இருந்தன. 'படைவீரர்' என்று மொழிபெயர்க்கும்போது நாம் இழப்பது இதைத்தான்.

இந்த இறக்கம் சிப்பாயோடு நிற்கவில்லை. முகலாயர் ஆட்சியில் 'சுபா' என்பது ஒரு மாகாணம்; அதை ஆண்டவர் சுபேதார். தக்காண சுபேதார் என்றால் ஐதராபாத் நிஜாம் அளவுக்குப் பெரியவர். கம்பெனிப் படையில் அதே பட்டம், முப்பது ஆண்டு உழைத்து நரைத்த பிறகும், கப்பலிலிருந்து அண்மையில் இறங்கிய ஆங்கிலேய இளைஞனுக்குக் கீழ் நிற்க வேண்டிய இந்திய அலுவலருக்குக் கொடுக்கப்பட்டது. மதுரையையும் செஞ்சியையும் ஆண்டவர்களின் பெயரான 'நாயக்கர்' எந்த வடசொல்லிலிருந்து வந்ததோ, அந்த 'நாயக' என்பதே படையில் 'நாயக்' என்று சிப்பாய்க்கு அடுத்த சிறு பதவியானது. ஆண்டவர்களின் பட்டங்களை எடுத்துப் பணியாளர்களின் தோளில் ஒட்டியதை என்னால் வெறும் சொல் மாற்றமாகப் பார்க்க முடியவில்லை.

நம் மண்ணில் 'சிப்பாய்' என்ற சொல் வேரூன்றியது மைசூர்ப் போர்களின் காலத்தில். 1767இல் தொடங்கிய முதல் போரிலேயே கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. மூன்றாம் போரின்போது, 1791 நவம்பரில், கர்னல் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த படை கீழ்க்கோட்டையைப் பிடித்துவிட்டு மலைமேல் ஏற முயன்றது. மேலிருந்தவர்கள் பெரும் பாறைகளை உருட்டிவிட்டு அந்தத் தாக்குதலை முறியடித்தார்கள். இன்று அந்த மலையில் ஏறுபவர் வழியில் சற்று நின்று கீழே பார்த்தால், செங்குத்தான வழுக்குப் பாறையில் கையில் துப்பாக்கியோடு ஏறியவனின் நிலை புரியும். ஏறியவர்களில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். எதிரே நின்ற மைசூர்க் காலாட்படையினரையும் சிப்பாய்கள் என்றே அக்காலத்தவர் குறித்தார்கள். கல்லை உருட்டியவனுக்கும் கல்லடி பட்டவனுக்கும் பெயர் ஒன்றுதான்.

1792இல் சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. வரி வசூலிக்க அனுப்பப்பட்ட அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் படை அதிகாரிகளே. அக்கால வரி வசூலுக்குத் துணையாக நின்ற ஒழுங்குபடாத ஆயுதக்காரர்களுக்குச் 'சிபந்தி' என்று பெயர். ஒலியில் நெருங்கியிருந்தாலும் இதற்கும் சிப்பாய்க்கும் வேர் வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் சம்பளத்தைக் குறித்த பாரசீகத் தொடர் என்று இதற்கு விளக்கம் தருவார்கள். கையிலிருந்த ஆயுதத்தை என்றோ கீழே வைத்துவிட்டு, இன்று கோயில் சிப்பந்தியாகவும் ஓட்டல் சிப்பந்தியாகவும் அச்சொல் நம்மிடையே வாழ்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். தருமபுரியில் உள்ள அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, தலைக்கு மேல் வட்டெழுத்தில் சில வரிகள். தருமபுரி, செங்கம் வட்டாரங்களின் பழைய நடுகற்களில், இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்ற அமைப்பைக் காணலாம். 'தொறு' என்பது ஆநிரை; 'பட்டான்' என்றால் வீழ்ந்தான். 'சேவகன்' என்ற இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வடமொழி வேர் கொண்டதே என்றாலும், தமிழில் அது வெறும் பணியாளைக் குறிக்கவில்லை. சேவகம் என்பதற்கு வீரம் என்றே பொருள் இருந்தது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை, இராமனையே 'தொல்லிலங்கை கட்டழித்த சேவகன்' என்கிறது. அப்படிப்பட்ட சொல், கச்சேரி எனப்பட்ட அரசு அலுவலகத்தின் வாசலில் டவாலி அணிந்து நிற்பவரின் பெயராகச் சுருங்கியது. சிப்பாய்க்கு மிகப் பொருத்தமான பழஞ்சொல் சேவகனே என்று நான் கருதினாலும், இன்று அதைப் பயன்படுத்தினால் படிப்பவர் கோப்பு தூக்குபவரைத்தான் நினைப்பார்.

'மறவர்' குலப்பெயராகவும் வழங்குவதால் குழப்பம் தரும். 'காலாள்' சுருக்கமானது, ஆனால் சதுரங்கப் பலகையோடு நின்றுவிட்டது. பொதுவாகப் படையில் பணியாற்றும் எவருக்கும் 'படைவீரர்' என்பதே தகும். காலாட்படை என்று வேறுபடுத்த வேண்டிய இடத்தில் 'காலாட்படை வீரர்' எனலாம். கம்பெனி ஆட்சியையும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் முடியாட்சியையும் பற்றி எழுதும்போது மட்டும் 'சிப்பாய்' என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் உலகப் போரில் கடல் கடந்து சென்று மாண்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் எந்த நிலையில் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதை அந்த ஒரு சொல் மறைக்காமல் சொல்லும்.

மாற்ற வேண்டியது சிப்பாயை அன்று. அதன் பின்னால் ஒட்டிக்கொண்ட 'கலகம்' என்பதை. 1806 ஜூலை 10 அன்று வேலூரில் நடந்ததற்குப் பின்னணி தெளிவானது. தோல் சேர்த்த புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடிக்கும் கடுக்கனுக்கும் தடை என்று வரிசையாக வந்த ஆணைகளைச் சிப்பாய்கள் முதலில் மறுத்தார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. அதன் பிறகே கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. நாரதர் கலகம் என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் இதற்குப் பொருந்தாது. கீழ்ப்படிய மறுத்தவர்களை ஆட்சியாளன் திட்டிய சொல்லின் மொழிபெயர்ப்பு அது. வேலூருக்கும் சரி, 1857க்கும் சரி, 'சிப்பாய்ப் புரட்சி' அல்லது 'சிப்பாய்களின் எழுச்சி' என்று எழுதுவதே நேர்மை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியத் தரைப்படையில் சிப்பாய் என்பது இன்றும் நடப்பிலுள்ள பதவிப் பெயர். அங்கே அதில் இழிவு எதுவும் இல்லை. காவேரிப்பட்டணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில், ஊரார் 'பட்டாளத்தார்' என்று அழைக்கும் முதியவர் ஒருவருக்கு ஓய்வூதியம் தொடர்பான விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதவி என்ற இடத்தில், என் தமிழார்வத்தால் 'படைவீரர்' என்று எழுதினேன். கண்ணாடியைச் சரிசெய்து அதைப் படித்தவர் தாளை என்னிடமே தள்ளினார். "அப்படி ஒரு ரேங்கு கிடையாது சாமி. சிப்பாயா சேந்தேன், நாயக்கா வெளிய வந்தேன். ரெண்டையும் போடுங்க" என்றார். நான் எழுதியதை அடித்துவிட்டு இரண்டையும் எழுதினேன்.