லிஃப்ட் போட்ட பிறகும் டயர் ஏன் உரசுகிறது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வண்டிக்கு 50 மி.மீ. லிஃப்ட் கிட் போட்டேன். 265/70 ஆர்17 டயரை எடுத்துவிட்டு 285/70 ஆர்17 மாட்டினேன். ரிம்மும் புதுசு, பழையதைவிட ஆஃப்செட் 30 மி.மீ. குறைவு, அதனால் சக்கரம் அவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறது. நேராக ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்து பிரேக் பிடித்தால் மட்டும் முன்சக்கரத்துக்குப் பின்னால் சர்ரென்று உரசுகிறது. வண்டியைத்தான் தூக்கியாயிற்றே, இன்னும் எங்கே இடம் பற்றவில்லை?"

முதலில் டயர் கணக்கை முடித்துவிடலாம். 285 என்பது மி.மீ. கணக்கில் அகலம், அந்த அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். போட்டுப் பார்த்தால் பழைய டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., புதியது 831. ஆரத்தில் வித்தியாசம் 14 மி.மீ.தான். 50 தூக்கியிருக்கிறோம், 14 செலவு, மிச்சம் 36 இருக்க வேண்டுமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போது அந்தக் கணக்கு சரிதான்.

ஆனால் லிஃப்ட் கிட் மாற்றுவது சக்கரம் ஓய்வாக இருக்கும் இடத்தை. சக்கரம் எதுவரை மேலே ஏறலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப் என்கிற அந்த ரப்பர் முட்டு. அது சேஸிஸில் தனியாக இருக்கும் வண்டிகளில், உயரமான ஸ்ப்ரிங் போட்டாலும் முட்டு பழைய இடத்திலேயே இருக்கிறது. பாறை மேல் ஏறி ஒரு பக்கம் முழுக்க அமுங்கும்போது டயர் போய் நிற்கும் இடம் லிஃப்டுக்கு முன்பு எதுவோ அதேதான், இப்போது அங்கே 14 மி.மீ. கூடுதல் ஆரமுள்ள டயர் போய் நிற்கிறது. மேல்நோக்கிய உரசலுக்கு மருந்து பம்ப் ஸ்டாப்பின் அடியில் வைக்கும் துண்டு. சக்கரம் மேலே ஏறும் தூரத்தில் கொஞ்சம் இழப்போம், வேறு வழியில்லை.

சரி, வாசகருடைய உரசல் மேல்நோக்கியது இல்லை, பின்நோக்கியது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்புவதாக நாம் மனதில் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்திருக்கும் உருண்டை மூட்டுகளை, அதாவது மேல் பால் ஜாயிண்ட்டையும் கீழ் பால் ஜாயிண்ட்டையும், இணைத்து ஒரு கோடு போட்டால் அதுதான் திரும்பும் அச்சு, அது பெரும்பாலும் டயரின் நடுக்கோட்டுக்கு உள்பக்கமாக, வண்டியின் பக்கம் தள்ளி இருக்கும். அதாவது சக்கரம் கீலில் தொங்கும் கதவு மாதிரி ஒரு வளைவில் வீசுகிறது.

ஒரு அட்டையை எடுத்து 8 செ.மீ. நீளம், 2.7 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில், மேலிருந்து பார்த்த டயர் அது. நீளவாக்கில் நடுவில், அகலவாக்கில் நடுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு குண்டூசி குத்தி, அட்டையை மெதுவாகச் சுற்றி, நான்கு மூலைகளும் போகும் பாதையைப் பென்சிலால் வரையுங்கள். ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் மூலைகள் சின்ன வட்டம் போடும், எதிர்ப்பக்க மூலைகள் பெரிய வட்டம் போடும். இப்போது ஊசியைப் பிடுங்கி நடுக்கோட்டிலிருந்து 8 மி.மீ. தள்ளிக் குத்துங்கள், 30 மி.மீ. ஆஃப்செட் குறைந்த ரிம் செய்வது இதைத்தான். அட்டை அதே அட்டை, ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை, ஆனால் வெளிமூலை போடும் வட்டம் பெரிதாகிவிட்டது! நான் இதை முதன்முதலில் வரைந்து பார்த்தபோது இரண்டு வட்டங்களுக்கும் நடுவே இருந்த அந்த மெல்லிய வளையத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தனை உரசல் புகார்களும் அந்த வளையத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

எண்ணாகச் சொன்னால் பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றம் போதும். அச்சு நடுக்கோட்டிலிருந்து 50 மி.மீ. உள்ளே என்று வைத்துக்கொள்வோம். பழைய டயரில் ஒரு பக்கம் ஆரம் 401, மறுபக்கம் 50-உடன் பாதி அகலம் 132.5 சேர்ந்து 182.5, வெளிமூலையின் வீச்சு சுமார் 441 மி.மீ. பழைய ரிம்மிலேயே பெரிய டயரை மாட்டினால் 458. புது ரிம்மும் சேர்ந்தால் 471. மொத்தம் 30 மி.மீ. கூடுகிறது, அதில் 17 டயரால், 13 ரிம்மால். இந்த 30 மி.மீ. படுக்கைவாட்டில் வருவது, லிஃப்ட் கொடுப்பது செங்குத்தில் வருவது, அதனால் அது இதை ஈடுகட்ட முடியாது.

வலது பக்கம் ஒடித்தால் வலது சக்கரத்தின் பின் வெளிமூலை அச்சுக்கு நேர் பின்னால் வந்து, உள்ளே கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்திருக்கும் மடிப்பை எட்டுகிறது. அதே நேரம் இடது சக்கரத்தின் முன் வெளிமூலை பம்பரை எட்டுகிறது. மூலை நேர் பின்னால் வருவது நம் கணக்கில் சுமார் 28 டிகிரி திரும்பும்போது, எனவே சில வண்டிகளில் பாதிக்கு மேல் ஒடிக்கும்போது உரசி, முழுக்க ஒடித்ததும் சத்தம் நின்றுவிடுவதைப் பார்க்கலாம்.

பிரேக்குக்கு என்ன வேலை? சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை போன்ற கண்ட்ரோல் ஆர்ம் முனைகளில் புஷ் என்கிற ரப்பர் வளையம் இருக்கிறது. பிரேக் பிடித்ததும் தரை சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது, ரப்பர் கொஞ்சம் நசுங்கி விட்டுக்கொடுக்கிறது, முன்பக்கம் வேறு குனிகிறது. நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு "உரசவில்லை" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அலைன்மெண்ட் செய்யும் இடத்தில் காஸ்டரை, அதாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்தத் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தை, கூட்டச் சொல்வது ஒரு நல்ல வழி, ஆனால் எப்படிக் கூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கீழ் பால் ஜாயிண்ட்டை முன்னால் தள்ளிக் கூட்டினால் சக்கரமும் முன்னால் நகரும், உரசல் குறையும். மேல் பால் ஜாயிண்ட்டைப் பின்னால் இழுத்துக் கூட்டினால் காஸ்டர் எண் அதேதான் காட்டும், சக்கரம் மட்டும் கொஞ்சம் பின்னால் போயிருக்கும்.

ஒரே துண்டு ஆக்சில் உள்ள வண்டிகளில் இன்னொன்று உண்டு. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்துவைக்கும் பேன்ஹார்டு கம்பி லிஃப்டுக்குப் பிறகு அதிகம் சாய்கிறது, சாய்ந்தால் அதன் படுக்கைவாட்டு நீளம் குறையும், ஆக்சில் முழுவதும் கம்பி சேஸிஸில் மாட்டியிருக்கும் பக்கம் சில மி.மீ. நகர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் உரசினால் முதலில் இதை அளந்து பாருங்கள்.

"கொஞ்சம் உரசினால் பரவாயில்லை, தானே தேய்ந்து சரியாகிவிடும்" என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். சக்கரத்துக்கு மேலே உள்பக்கமாக மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் பட்டால் லைனர்தான் தேயும். தகட்டு மடிப்பு அப்படி இல்லை, ரேடியல் டயரின் பக்கச்சுவரில் டிரெட்டின் அடியில் இருப்பது போன்ற எஃகுப் பட்டை கிடையாது, கூரான விளிம்பு அதை அறுத்துவிடும். கிட் விற்பவர்கள் மேலும் ஒன்று செய்ய வேண்டும்: "இத்தனை அங்குல டயர் பொருந்தும்" என்று போடும்போது எந்த ஆஃப்செட்டில் என்பதையும் எழுத வேண்டும். மேலே பார்த்த கணக்குப்படி அது இல்லாமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை, வாங்குபவர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை.

எங்கே படுகிறது என்று கண்டுபிடிக்க நான் நம்புவது களிமண்ணை. சந்தேகமான இடங்களில் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டி ஒட்டி, மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் ஒடித்து, பிரேக் பிடித்து, வந்து பார்த்தால் டயரின் பள்ளங்கள் களிமண்ணில் அச்சாகப் பதிந்திருக்கும். நசுங்கியது போக மிச்சமிருக்கும் கனம்தான் உங்களிடம் உள்ள இடைவெளி. மேல்நோக்கிய உரசலுக்கு, வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, வேலை தெரிந்தவரை வைத்து ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றி, அந்த நிலையிலேயே ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும்.

வாசகருக்கு என் பதில்: பழைய ரிம்மில் புது டயரை மாட்டி, உள்பக்கம் கண்ட்ரோல் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 10 மி.மீ. வெளியே தள்ளினால் போதும் என்று வந்தால் 10 மட்டும் தள்ளும் ரிம்மை வாங்குங்கள், மீதி 20-ஐ விட்டுவிடுங்கள். கீழ் பால் ஜாயிண்ட் வழியாகக் காஸ்டரைக் கூட்டிச் சக்கரத்தை முன்னால் நகர்த்துங்கள். அதற்குப் பிறகும் களிமண்ணில் அச்சு விழுந்தால் லைனரை வெட்டுவது, மடிப்பைத் தட்டிப் படுக்கவைத்துத் துரு பிடிக்காமல் பெயிண்ட் அடிப்பது, கடைசியாக, சக்கரம் எதுவரை திரும்பலாம் என்று தடுக்கும் ஸ்டியரிங் ஸ்டாப்பைக் கூட்டுவது. அதைச் செய்தால் வண்டி திரும்ப இன்னும் அதிக இடம் கேட்கும், அதனால்தான் கடைசியில் வைத்தேன்.