பார்சல் ஷெல்ஃப்: இந்தப் பலகைக்குத் தமிழ்ல என்ன பேரு?

எங்க ஐயா ஓட்டுன அம்பாசிடர் காரைக்குடி வீட்டு கொட்டகையில ரொம்ப வருஷமா நின்னுச்சு, அதை வெளிய எடுத்து சரிபண்ண ஆரம்பிச்சப்ப என்ஜினை விட பெயிண்டை விட எனக்கு அதிகமா வேலை வச்சது பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல கிடக்குற அந்த ஒரே ஒரு பலகைதான். ஹார்ட்போர்டு ஈரத்துல உப்பி, வெயில்ல காஞ்சு, நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிப்போச்சு, மேல ஒட்டுன ரெக்ஸின் தொட்டா அப்பளமா நொறுங்குது. சரி புதுசா போடுவோம்னு போனா, பேரே ஆளுக்கு ஒண்ணா இருக்கு. குஷன் கடையில பேக் ட்ரேங்கிறாங்க, ஆடியோ போடுறவரு ஸ்பீக்கர் பலகைங்கிறாரு, எங்க மெக்கானிக் அண்ணன் வெறும் "பின்னாடி அட்டை", ஆன்லைன்ல தேடுனா ரியர் பார்சல் ஷெல்ஃப். எது சரின்னு தேட ஆரம்பிச்சு கடைசியில சொல்லுக்குள்ளயே இறங்கிட்டேன்.

பார்சல்னா நமக்கு என்ன? ஓட்டல்ல "ரெண்டு பரோட்டா பார்சல்", லாரி ஆபீஸ்ல பார்சல், ரயில்வே ஸ்டேஷன்ல பார்சல். எல்லாமே கட்டி எடுத்துட்டுப் போற சமாச்சாரம். ஆனா அந்த சொல்லுக்கு மூலத்துல கட்டுங்கிற அர்த்தமே கிடையாது. லத்தீன்ல பார்ஸ்னா பகுதி, பார்ட்டிகுலான்னா சின்னப் பகுதி, அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்பவும் பார்சல்னா துண்டு, பங்கு, அவ்வளவுதான். நிலத்துல ஒரு துண்டை இன்னைக்கும் பார்சல்னு சொல்றாங்களே அதுதான் பழைய பொருள், பார்ட் அண்ட் பார்சல்ங்கிற தொடர்லயும் அதேதான். பொட்டலம்ங்கிற பொருள் 17-ம் நூற்றாண்டு வாக்குலதான் வந்து சேந்துச்சு. ஷெல்ஃப் கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி, வெட்டுறது பிளக்குறதுங்கிற வேர்ல இருந்து வந்ததா சொல்றாங்க, பிளந்து எடுத்த மரத்துண்டுதான் ஷெல்ஃப். ஆக ரெண்டு சொல்லையும் உரிச்சுப் பாத்தா உள்ள இருக்குறது துண்டுதான்.

காருக்குள்ள இந்தப் பேரு எப்படி ஒட்டுச்சுன்னா, அங்க கடைக்குப் போயிட்டு வர்றப்ப சின்னப் பொட்டலங்களை வைக்கிற எடம்ங்கிறதால. பிரிட்டிஷ் கார்ல இது பின்னாடி மட்டும் இல்ல, மோரிஸ் மைனர்ல டாஷ்போர்டுக்குக் கீழயும் ஒண்ணு குறுக்கால ஓடும், அதுவும் பார்சல் ஷெல்ஃப்தான். அமெரிக்காவுல பேக்கேஜ் ட்ரே. ஜெர்மன்ல ஹூட்டாப்லாகே, அதாவது தொப்பி வைக்கிற எடம், ஆம்பளைங்க எல்லாரும் தொப்பி போட்ட காலத்துப் பேரு. பிரெஞ்சுக்காரங்க ப்ளாஜ் ஆரியேர்ங்கிறாங்க, அது கப்பலோட பின் மேல்தளத்துக்கு இருந்த பேரு. எனக்குப் பிடிச்சது இந்த பிரெஞ்சுப் பேருதான், ஏன்னா அதுல மட்டும்தான் மேல என்ன வைக்கிறோம்ங்கிற பேச்சே இல்ல, எங்க இருக்குதுங்கிறது மட்டும் இருக்கு.

நம்ம பக்கம் அதுமேல என்ன வச்சோம்? பேப்பர், துண்டு, ஒரு தலையாட்டி பொம்மை. ஊருக்குக் கிளம்புறப்ப அப்பத்தா மணகோலத்தையும் சீப்பு சீடையையும் கொட்டான்ல போட்டு அங்கதான் வைக்கச் சொல்லும். பின்னாடி டேப் ரிக்கார்டர் வந்ததும் ரெண்டு ஓட்டை போட்டு ஸ்பீக்கர் உக்காந்துச்சு, பலகை தொங்க ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான்.

இப்ப தமிழ்ச் சொல். நேரா மொழிபெயர்த்தா பொதி அலமாரின்னு வரும். பொதி அருமையான சொல்லு, திருப்பைஞ்ஞீலிக்கு நடந்து போன அப்பருக்கு சிவபெருமான் பொதிசோறு குடுத்த கதை தெரிஞ்சவங்களுக்கு ஓட்டல் பார்சலுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்ல. சிப்பமும் இருக்கு, அரிசிக் கடையில 25 கிலோ சிப்பம்னு இன்னைக்கும் புழங்குற சொல்லு. ஆனா அலமாரி தமிழ் இல்ல, போர்ச்சுகீசு அர்மாரியோ இங்க வந்து அலமாரி ஆச்சு, அதோட அதுக்கு கதவும் பல அடுக்கும் இருக்கணும், ஒத்தைப் பலகையை அலமாரின்னு சொன்னா யாரு ஒத்துக்குவா. பரண்னு ஒருத்தர் சொன்னாரு, பரண் தலைக்கு மேல இருக்குறது, இது தோளுக்குப் பின்னாடி இருக்குறது. மாடம் செவுத்துக்குள்ள குடையுறது, விளக்கு வைக்க. அதுவும் பொருந்தல.

தட்டு பொருந்துது. சாப்பாட்டுத் தட்டை நெனைக்காதீங்க, படுக்கையா விரிஞ்சு பாரம் தாங்குற பரப்பு எல்லாமே தட்டுதான். தேர்ல ஆள் நிக்கிற தளத்துக்கு தேர்த்தட்டுன்னு பேரு. காய்கறி ஏத்துற வண்டி தட்டுவண்டி. வண்டியில ஒரு தளம்னா தமிழன் தேர் காலத்துல இருந்தே தட்டுன்னுதான் சொல்லியிருக்கான், அப்புறம் கார்ல இருக்குறதை மட்டும் ஏன் ஷெல்ஃப்ங்கணும்? பின்னாடி இருக்கு, பின்தட்டு. அஞ்சே எழுத்து, ஒர்க்‌ஷாப்புல கத்திச் சொன்னாலும் புரியும்.

பொதியைச் சேர்த்து பொதித்தட்டுன்னு வைக்கலாமேன்னு கேட்டாங்க. நான் வேணாம்ங்கிறேன், காரணம் இருக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல போற கார் செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல போகுது, சடன் பிரேக் அடிச்சா கார் நிக்கும், தட்டுல இருக்குற தூக்குவாளி நிக்காது, அதே வேகத்துல முன்னாடி உக்காந்திருக்குறவங்க பிடரிக்கு வரும். பேர்லயே பொதின்னு இருந்தா வைக்கத்தான் தோணும்.

மாட்டுன விஷயத்தையும் சொல்லிடுறேன், யாருக்காவது உதவும். முதல்ல ஆன்லைன்ல ரெடிமேடா ஒண்ணு வாங்குனேன், ஒரு பக்கம் அரை இஞ்ச் பத்தல, திருப்பியும் எடுத்துக்கல. 2014 வரைக்கும் ஓடுன வண்டி அம்பாசிடர், மார்க் 1, மார்க் 2ன்னு மாடல் மாற மாற உள்ள இருக்குற அளவும் மாறியிருக்கு, அதனால உங்க கார்லயே அளவு எடுக்குறதுதான் நல்லது. பழைய பலகை எவ்வளவு பிஞ்சிருந்தாலும் தூக்கிப் போட்டுறாதீங்க, அதுதான் உங்களுக்கு மாதிரி, அது இல்லைன்னா சீட் சாய்மானத்தைக் கழட்டிட்டு காலண்டர் அட்டையை ஒட்டி ஒட்டி வச்சு வெட்டி மாதிரி எடுக்கணும். பர்மா தேக்குல போடலாமேன்னு ஒரு பெரியவர் ஆசையா சொன்னாரு, நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் தேக்குதான், ஆனா வெயிட்டு, தேவையில்ல. 6 மில்லி பிளைவுட், தண்ணி தாங்குற ரகம், போதும். ரெக்ஸின் ஓரத்துல மடிஞ்சு அடியில போறதால சுத்தி ஒரு 3 மில்லி குறைச்சு வெட்டணும், இதை மறந்தீங்கன்னா பலகை உள்ளயே போகாது. ஸ்பீக்கர் ஓட்டை வேணும்னா ரெக்ஸின் ஒட்டுறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க. வளைவுல ரெக்ஸினுக்கு வெட்டுக் குடுத்து மடிங்க, இல்லாட்டி சுருக்கம் விழும். சித்திரை வெயில்ல கண்ணாடிக்கு அடியில ஒட்டுறது இளகும், அதனால பசை ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத அளவுக்கு உலர விட்டு அப்புறம்தான் அமுக்கணும். பின் ஓரம் கண்ணாடி பக்கம் முதல்ல போகும், முன் ஓரம் சாய்மானத்துக்கு அடியில, சாய்மானம் வந்து உக்காந்ததும் அதுவே பிடிச்சுக்கும்.

சொல்ல விட்டது ஒண்ணு, ஹாட்ச்பேக் கார்ல கதவு தூக்குனா கயிறோட சேர்ந்து எழும்புமே, அதையும் பார்சல் ஷெல்ஃப்னுதான் விக்கிறாங்க, ஆனா அதைப் பின்தட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். அம்பாசிடர் மாதிரி சலூன் கார்ல பலகைக்கு அடியில பாடியோட தகடு இருக்கும், அது தாங்கும். ஹாட்ச்பேக்ல தகடு கிடையாது, சாமானை மறைக்கிற மூடிதான், டிக்கி மூடின்னே சொல்லிக்கலாம். டிக்கியும் நம்ம சொல்லு இல்ல, அந்தக் காலத்து கார்ல பின்னாடி திறந்தா வெளிய விரியுற டிக்கி சீட்டு ஒண்ணு இருந்துச்சு, சீட்டு போயிருச்சு, பேரு மட்டும் சாமான் வைக்கிற எடத்துக்கு நின்னுருச்சு. அதை மாத்தணுமான்னு கேட்டா, எங்க அப்பத்தாவே டிக்கின்னுதான் சொல்லும், நான் கை வைக்கல. மோரிஸ் மைனர் வச்சிருக்குறவங்க டாஷ்போர்டுக்குக் கீழ இருக்குறதை முன்தட்டுன்னு சொல்லிக்கோங்க.