சிந்தெடிக் ஊற்றிவிட்டால் ஆயிலே மாற்ற வேண்டாமா?

போன வாரம் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு டீசல் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஆயில் சேம்பரைக் கழற்றினால் உள்ளே தார் மாதிரி களிம்பு. ஆயிலை உறிஞ்சும் இடத்தில் இருக்கும் சல்லடை, அதாவது ஸ்ட்ரெய்னர் அடைத்து, ஆயில் ஏறாமல் டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டது. கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "சிந்தெடிக்தான் ஊத்தியிருக்கேன் அண்ணா, மூணு வருஷம் ஆச்சு. அது கெடாதே?" என்கிறார். இதே பதிலோடு இந்த வருடம் வந்த நான்காவது வண்டி இது.

கெடாது என்று யார் சொன்னது? சிந்தெடிக், அதாவது ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கும் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண மினரல் ஆயிலைவிட அதிகச் சூட்டைத் தாங்கும். டர்போ வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இன்ஜினில் உண்டாகும் கரி, எரியாத டீசல், ஈரம் எல்லாம் எந்த ஆயிலாக இருந்தாலும் அதில்தான் வந்து சேரும். அதைச் சமாளிக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்து ஓட ஓடத் தீர்ந்துவிடும். விலை கூடக் கொடுத்ததால் அது தீராமல் இருக்காது. ஃபில்டரும் நிரம்பிவிடும். "வண்டி அதிகம் ஓடவே இல்லையே" என்பார்கள். காட்பாடியிலிருந்து பள்ளிக்கூடம், பஜார் என்று மட்டும் போய்வந்தால் ஆயில் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம், ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஓடாத வண்டிக்கும் வருடம் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

இன்னொன்று, "நம்ம வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊத்துங்க." வெளியே 42 டிகிரி அடித்தாலும் சரி, மார்கழிக் குளிராக இருந்தாலும் சரி, ஓடுகிற இன்ஜினில் ஆயில் சூடு 90, 100 டிகிரிக்குப் போய்விடும். 0டபிள்யூ-20 என்ற இளகிய கிரேடு ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி கிரேடை ஊற்றினால் மைலேஜ் குறையும், ஸ்டார்ட் செய்ததும் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும்.

வண்டியோடு கொடுத்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதலில் கிரேடு, அப்புறம்தான் சிந்தெடிக்கா மினரலா என்ற பேச்சு. பழைய, டர்போ இல்லாத இன்ஜினுக்கு மினரல் போதும் என்று அதில் இருந்தால், கெடு தவறாமல் மாற்றினால் போதும், கூடுதல் பணம் வேண்டாம். புகை வடிகட்டி உள்ள பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் வண்டிக்கு மட்டும் சாம்பல் குறைவான ஆயில்தான், மற்றதை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.

தயவுசெய்து ஒன்று. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, மெக்கானிக்குக்கு போன் போடுங்கள்.