நாவல், புதினம், சரித்திரம்

நாவல் என்றால் தமிழில் முதலில் மரம்தான். ‘சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா’ என்று முருகன் ஔவையாரை மடக்கிய கதையில் உதிர்வது அந்த மரத்தின் பழம். நாவலந்தீவு என்று பழைய நூல்கள் சொல்வதும் அதை வைத்தே. நாவலர் என்ற பட்டம் நாக்கைக் குறிக்கும் ‘நா’விலிருந்து வந்தது. நாம் வாங்கிப் படிக்கும் நாவலுக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஆங்கிலம் வழியாக வந்த வேறு சொல்.

ஆங்கிலத்துக்கு அதைக் கொடுத்தது இத்தாலிய மொழி. அங்கே நொவெல்லா என்றால் புதுச் செய்தி. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் சின்னக் கதைக்கும் அதே பெயர். புதியது என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் வேர். 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ டெக்கமரான் என்ற நூலில் சேர்த்த 100 கதைகளும் இந்த வகைதான். பெரும்பாலும் ஒரே மூச்சில் படித்துவிடக்கூடியவை. ஆங்கிலத்துக்கு வந்த பிறகு இந்தச் சொல் பல நூறு பக்கக் கதைகளின் பெயராகிவிட்டது. இத்தாலியர்களோ இன்று நெடுங்கதையை ரொமான்ஸோ என்கிறார்கள். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ரஷ்ய மொழியிலும் அது ரொமான். லத்தீனை விட்டு, ஜனங்கள் பேசும் மொழியில் எழுதப்பட்டது என்பது அதன் பழைய பொருள்.

பெயர் இருந்தும், ஆங்கிலத்தின் ஆரம்பகால நாவல்கள் பல அதைத் தலைப்பில் போட்டுக்கொள்ளவில்லை. 1719இல் வந்த ராபின்சன் குரூசோவின் நீண்ட தலைப்பு ‘வாழ்க்கையும் சாகசங்களும்’ என்கிறது. 1749இல் வந்த டாம் ஜோன்ஸ் ‘சரித்திரம்’ என்கிறது. இட்டுக்கட்டிய கதை என்று சொல்லிக்கொள்வதைவிட, ஒருவருடைய வாழ்க்கை என்று சொல்வதில் மரியாதை அதிகம்.

நம் ஊரிலும் அப்படியே. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சானது. தமிழில் உரைநடை நூல் போதவில்லை என்ற குறையைத் தீர்க்கவே அதை எழுதியதாக அவர் முன்னுரை சொல்கிறது. கண்டியைச் சேர்ந்த சித்தி லெவ்வையின் அசன்பே சரித்திரம் 1885. ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேகசிந்தாமணி என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரத்தின் முதல் பாகம் 1898. வரிசையாக நான்கு சரித்திரங்கள்! இன்று சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருகின்றன. அப்போது அது ஒருவர் வாழ்ந்த கதைக்கும் நடந்துகொண்ட விதத்துக்கும் பொதுச்சொல். ஆகவே பழைய புத்தகப் பட்டியலில் ‘சரித்திரம்’ என்று கண்டால் வரலாற்று நூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

வேதநாயகம் பிள்ளை இந்த வகை எழுத்துக்கு வசன காவியம் என்ற சொல்லையும் பயன்படுத்தினார். கேட்கக் கொஞ்சம் ஆடம்பரமாக இருக்கிறது. ஆனால் 1842இல் ரஷ்ய எழுத்தாளர் கோகல் தன் ‘இறந்த ஆன்மாக்கள்’ உரைநடைக் கதையின் அட்டையில் ‘காவியம்’ என்று பொருள்படும் சொல்லையே போட்டார். தமிழில் ‘போரும் வாழ்வும்’ என்று நாம் அறிந்த தன் படைப்பு நாவல் அல்ல என்று டால்ஸ்டாயே 1868இல் எழுதினார். காவியமும் அல்ல, வரலாற்றுப் பதிவும் அல்ல என்று அதோடு சேர்த்தும் சொன்னார். நாவலின் உச்சம் என்று நாம் கொண்டாடும் புத்தகங்களே அந்தப் பெயருக்குள் அடங்க மறுத்திருக்கின்றன.

சரி, தமிழ்ச்சொல் எது? நவீனம் என்று கொஞ்ச காலம் எழுதிப் பார்த்தார்கள். அது வடசொல், போதாக்குறைக்கு ‘நவீன கவிதை’, ‘நவீன ஓவியம்’ என்று வேறு வேலைக்கும் போய்விட்டது. நெடுங்கதை என்பது நீளத்தை மட்டும் சொல்கிறது. நிலைத்தது புதினம். புது என்ற அடியில் பிறந்த சொல். பாடநூல்களிலும் பல்கலைக்கழக ஆய்வுகளிலும் அதுவே வழக்கம்.

புதினம் இந்த வேலைக்காகச் செய்யப்பட்ட சொல் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். யாழ்ப்பாணத்தில் ‘என்ன புதினம்?’ என்றால் ‘என்ன சேதி?’ என்று அர்த்தம். புதினம் பார்ப்பது என்றால் வேடிக்கை பார்ப்பது. புதினப்பத்திரிகை என்பது செய்தித்தாள். இத்தாலிய நொவெல்லாவிலும் செய்தி, கதை இரண்டும் இருந்தன அல்லவா? அந்த இரண்டும் இந்த ஒரு தமிழ்ச் சொல்லிலும் இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது கஷ்டம்.

மற்ற இந்திய மொழிகள் வேறு வழிகளில் போயின. மராத்தியும் கன்னடமும் பாணபட்டர் வடமொழி உரைநடையில் எழுதிய காதம்பரி என்ற கதையின் பெயரையே பொதுப்பெயராக்கி, நாவலைக் காதம்பரி என்கின்றன. வங்காளியிலும் இந்தியிலும் உபன்யாஸ். நமக்கு உபன்யாசம் என்றால் கோயில் பிரசங்கம். குஜராத்தியில் நவல்கதா.

பேச்சில் நாவல்தான் ஜெயித்திருக்கிறது. நாவலாசிரியர், குறுநாவல் என்று அது தமிழ் ஒட்டுகளை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. எழுதும்போது புதினம், பேசும்போது நாவல் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் என்று பழைய புத்தகங்களைத் தேடிப் போகிறவர்கள் இரண்டு சொல்லையும் போட்டுப் பார்க்கலாம்; கூடவே சரித்திரம், வசன காவியம் இரண்டையும். எதில் தொடங்குவது என்று கேட்டால் நான் கமலாம்பாளைச் சொல்வேன். பிரதாப முதலியாரில் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் ஒரு நாட்டையே ஆள்வாள். சுவையான கதைதான், ஆனால் நடுநடுவே உபதேசம் நீளும். ராஜமய்யர் கதையை மதுரைப் பக்கத்துச் சிறுகுளத்தில் வைத்து, ஊர்ப்பெண்களின் வம்புப் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர் வரும் இடங்களில் இன்றைக்கும் சிரிப்பை அடக்க முடியாது.