மின்சாரம் போனதும் எழுத்து எங்கே போகிறது?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குச் சற்று மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், முன்பள்ளிக் கட்டடத்தின் பின்னறையில், சனிக்கிழமை பிற்பகல்களில் கணினி வகுப்பு எடுக்கிறேன். இருப்பவை நான்கு பழைய கணினிகள். வருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். ஒரு வகுப்பும் தவறாமல் வருபவர் மட்டும் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக விழுந்திருக்கிறது. அதைத் திருத்தித் தரக் கேட்கும் கடிதத்தைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

ஆடிக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், முக்கால் மணி நேரம் எழுத்து எழுத்தாகத் தேடி ஐந்து வரி அடித்து முடித்திருந்தார். எங்கோ மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தது போலும், மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கடிதம் இல்லை.

"தம்பி, எழுதியதெல்லாம் எங்கே?"

"அழிந்துவிட்டது, அம்மா."

"அழிந்தது சரி. அழித்தது யார்?"

சட்டென்று பதில் வரவில்லை. எங்கள் காலடியில், தலவாக்கலை நகரை ஒட்டியே, மேல் கொத்மலை அணை இருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அந்த மின்நிலையத்தின் திறன் 150 மெகாவாட். மின்சாரத்தை நாட்டுக்கு அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு மின்வெட்டைப் பற்றிப் பேசும் கொடுமையை விட்டுவிடுகிறேன். அந்த அம்மாவின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால், கணினிக்குள் ஓர் எழுத்து என்னவாக இருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அன்று பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, உண்டா, இல்லையா? கணினியின் உள்ளே இருப்பதும் இத்தகைய கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் மின்னழுத்தம் உண்டு அல்லது இல்லை. உண்டு என்பதை 1 என்றும் இல்லை என்பதை 0 என்றும் எழுதுகிறோம். இப்படி ஒரு கட்டம் ஒரு பிட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட்.

ஒரு வித்தியாசம் உண்டு: கணினியில் அரைப்பேர் கிடையாது. பழைய ஐந்து வோல்ட்டுச் சுற்றுகளில் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 0. 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 1. இரண்டுக்கும் நடுவில் எதுவும் தங்கிவிடக் கூடாது என்றே சுற்றுகளை அமைத்தார்கள். பத்து இலக்கங்களையும் பத்து மின்னழுத்த அளவுகளாக வைத்திருந்தால் என்ன ஆகும்? சூட்டிலோ மின் இரைச்சலிலோ அழுத்தம் சற்றே நகர்ந்தாலும் ஆறு ஏழாகிவிடும். உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகள் என்றால், சற்று நகர்ந்தாலும் பொருள் மாறாது. கணினியின் நம்பகத்தன்மைக்கு இந்தப் பிடிவாதமே காரணம்.

இந்த உண்டு இல்லையை மாற்றும் சுவிட்சுதான் ட்ரான்சிஸ்டர். விரலால் தட்டும் சுவிட்சு அல்ல. ஒரு மின்னழுத்தம் இன்னொரு மின்னோட்டத்தைத் திறக்கும், மூடும். 1971இல் வந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் (சிப்) இவை சுமார் 2,300 இருந்தன. இன்று ஒரு மடிக்கணினிச் சில்லில் பல நூறு கோடி.

சரி, வெறும் ஒன்றும் பூச்சியமும் எப்படித் தமிழாகின்றன? உடன்பாட்டால்தான், வேறு வழியே இல்லை. யூனிகோட் என்னும் உலகப் பொதுப் பட்டியலில் உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் தமிழுக்கு முதலில் ஒதுக்கியது 128 இடங்கள். 'க' என்ற எழுத்தின் எண் 2965. இரண்டின் கணக்கில் எழுதினால் 101110010101. கணினிக்குத் தெரிந்த 'க' அவ்வளவுதான். அதற்கு வளைவும் தெரியாது, ஒலியும் தெரியாது.

வகுப்பில் நான் முதலில் அடிக்கச் சொல்லும் சொல் 'கொழுந்து'. கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, மீண்டும் உகரக் குறி. இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் முறைப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக 24 பைட், 192 உண்டு இல்லைகள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'கொ' என்று கையால் எழுதும்போது கொம்பை முதலில் போடுகிறோம். நினைவகத்திலோ க முன்னே, குறி பின்னே. திரையில் வரையும் நேரத்தில்தான் மென்பொருள் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது.

இந்த உடன்பாடு இல்லாத காலம் ஒன்றிருந்தது. இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்குப் பாமினி எழுத்துரு தெரிந்திருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் சேர்வது தமிழே அல்ல. ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளின் படங்களுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளின் படங்களை வரைந்து காட்டுவது மட்டுமே பாமினியின் வேலை. முகமூடி என்று சொல்லலாம். எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும். நான் பாமினியில் அடித்து அனுப்பிய விண்ணப்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது எந்த மொழி?" என்று ஓர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். பேத்தியின் பெயரைத் திருத்தக் கேட்கும் கடிதமே அப்படிப் போய்ச் சேர்ந்தால் எப்படியிருக்கும்? ஆகவே வகுப்பில் யூனிகோட் மட்டுமே.

விசைப்பலகைக்கும் எழுத்து தெரியாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். விசைகளுக்கு அடியில் கம்பிகள் நெடுக்கும் குறுக்கும் ஓடுகின்றன, தேயிலை நிரைகளைப் போல. உள்ளே இருக்கும் சிறு சில்லு ஒவ்வொரு நிரையாக ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு விசையை அழுத்தினால், 'இத்தனையாவது விசை கீழே போனது' என்று ஓர் எண்ணை மட்டும் அனுப்பும். அது 'க'வா வேறு எதுவா என்று முடிவு செய்வது மென்பொருள். விசையில் ஒட்டிய தமிழ் ஸ்டிக்கர் நமக்கு, கணினிக்கு அல்ல. பையன் ஒருவன் ஒரு நாள் இரண்டு ஸ்டிக்கர்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டு எல்லோரையும் அரை மணி நேரம் திணறடித்தான். நான் ஒரு மாதம் விளக்கியதைவிட அது நன்றாகப் பதிந்தது.

தொட்டுப் பார்க்க முடிந்தது வன்பொருள், தொட முடியாதது மென்பொருள் என்று புத்தகங்கள் சொல்லும். தவறில்லை, ஆனால் அதனால் ஒன்றும் விளங்கிவிடுவதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள். சில தோட்டங்களில் இப்போது கொழுந்து நிறுப்பது மின்னணுத் தராசில். காலையில் 7 கிலோ, மதியம் 6, மாலையில் 8. தராசு வன்பொருள். அந்த மூன்றையும் கூட்டு, 21. நாளுக்குரிய கிலோ 18 என்று வைத்துக்கொண்டால் அதைக் கழி, 3. மீதிக்கு மேலதிகக் கிலோக் காசு போடு என்று வரிசையாகச் சொல்லும் கட்டளைகள் மென்பொருள். முறைவழியாக்கி எனப்படும் மையச் சில்லுக்குத் தெரிந்த வேலைகள் இந்த அளவுக்கு எளியவைதான்: எடு, கூட்டு, கழி, ஒப்பிடு, வை. அடுத்த கட்டளை எது என்று பார்ப்பது, அதைப் புரிந்துகொள்வது, செய்வது, மீண்டும் அடுத்தது. இந்தச் சுற்றைத் தாளம் தட்டி நடத்த ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. மூன்று ஜிகாஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் செக்கனுக்கு 300 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒளியால்கூட 10 சென்டிமீற்றருக்கு மேல் போக முடியாது.

கட்டளைகளும் எண்கள்தான் என்பதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. கொழுந்தின் எடை இருக்கும் அதே நினைவகத்தில் 'கழி' என்ற கட்டளையும் எண்ணாக உட்கார்ந்திருக்கும். இந்த முறையில் முதன்முதலாக ஒரு நிரல், அதாவது கட்டளைகளின் வரிசை, ஓடியது 1948 ஜூன் 21ஆம் நாள், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில். அதற்கு முன்பு வந்த பெரிய இயந்திரங்கள் பலவற்றில் வேலையை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் செருக வேண்டியிருந்தது. இப்போது எண்களை மாற்றினால் போதும், அதே இயந்திரம் வேறு வேலை செய்யும். அதே தராசுக் கணக்கில் 'தண்ணீருக்கும் சாக்குக்கும் என்று முதலில் 2 கிலோவைக் கழி' என்று ஒரு வரியைச் செருகினாலும் அது முகம் சுளிக்காமல் கழிக்கும். "கொம்பியூட்டர் சொல்கிறது" என்று யாராவது சொன்னால், அந்த வரியை எழுதியவர் யார் என்று கேட்பதே சரியான கேள்வி. இதைச் சொன்னபோது அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, சிரித்தார்.

விண்டோஸ் போன்ற இயக்க முறைமையைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. அது காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு இடம், அச்சுப்பொறி யாருக்கு முதலில் என்று பிரித்துக் கொடுக்கிறது. பெரட்டு இல்லாத தோட்டத்தில் எல்லோரும் ஒரே மலைக்குப் போய் நின்றால் எப்படியோ, அப்படித்தான் இயக்க முறைமை இல்லாத கணினியும்.

இனிக் கடிதத்துக்கு வருவோம். அடித்த எழுத்துகள் முதலில் போய்ச் சேர்வது ரேம் எனப்படும் நினைவகத்துக்கு. அங்கே ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு ட்ரான்சிஸ்டரும் ஒரு சின்னஞ்சிறு கொள்ளளவியும் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் 1960களில் கண்டுபிடித்த அமைப்பு இது. கொள்ளளவி என்பது மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் குடம், ட்ரான்சிஸ்டர் அதன் மூடி. குடம் நிறைந்திருந்தால் 1, வெறுமையாக இருந்தால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். நிரப்பிய கணத்திலிருந்து ஒழுகத் தொடங்கிவிடும். எனவே பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை, அதாவது செக்கனுக்குப் பதினாறு முறை போல, ஒவ்வொரு குடத்தையும் பார்த்து, நிறைந்திருந்ததை மீண்டும் நிரப்ப வேண்டும். 4 ஜிகாபைட் ரேமில் ஏறக்குறைய 3,400 கோடிக் குடங்கள். பீலியில் தண்ணீர் பிடித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கடிதத்தை அழித்தது யாருமில்லை. நிரப்ப ஆள் வரவில்லை, அவ்வளவுதான். மின்சாரம் போனதும் 3,400 கோடிக் குடங்களும் தாமாகவே ஒழுகி வெறுமையாகிவிட்டன.

"ஒழுகாத குடத்தில் வைத்திருக்கலாமே?" என்றார் உடனே.

இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டில் பிட்டுகள் சுழலும் தட்டின் மீது நுண்ணிய காந்தப் புள்ளிகளாக இருக்கின்றன; காந்தத்துக்கு மின்சாரம் தேவையில்லை. 1956இல் ஐபிஎம் செய்த முதல் வன்தட்டு 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள்தான். இன்று விரல் நகமளவு அட்டையில் அதைப் போலப் பல்லாயிரம் மடங்கு அடங்கும். பிறகு எதற்கு ரேம்? வேகத்துக்கு. வன்தட்டில் படிக்கும் முள் சரியான வட்டத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 10 மில்லிசெக்கன் போல ஆகும். ரேமிலிருந்து எடுக்க அதில் இலட்சத்தில் ஒரு பங்கு போதும். ரேமிலிருந்து எடுப்பது மேசை மேல் கிடக்கும் பேனையை ஒரு செக்கனில் எடுப்பது என்றால், வன்தட்டிலிருந்து எடுப்பது பதுளையில் இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பேனை வாங்கித் திரும்பி வருவது. எஸ்எஸ்டி என்னும் புதுவகைச் சேமிப்பில் ரயில் போய் மோட்டார் சைக்கிள் வந்திருக்கிறது. என்றாலும் மேசைக்கு ஈடாகாது. வேலை செய்ய மேசை, வைத்துக்கொள்ள அலுமாரி. 'சேமி' என்பது மேசையில் இருப்பதன் நகலை அலுமாரியில் வைக்கும் கட்டளை. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு எஸ். நான் அதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, தவறு என்னுடையது.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை சேமித்தார். கடிதம் முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். பென் டிரைவில் காந்தமும் இல்லை, சுழலும் தட்டும் இல்லை. தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகம் அது. சுற்றிலும் காப்புச் சுவர் எழுப்பிய அறைகளுக்குள் இலத்திரன்களைத் தள்ளிவிட்டால், மின்சாரம் போனாலும் அவை ஆண்டுக்கணக்கில் வெளியே வர முடியாமல் கிடக்கும்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கொழுந்துக் கூடையைக் கையாலேயே நிறுத்துச் சொல்லும் பழக்கம்.

"எழுத்து ஏறினால் இது பாரமாகுமா, தம்பி?"

"இல்லை, அம்மா. இலத்திரன்கள் வெளியிலிருந்து வருவதில்லை. சில்லுக்குள்ளேயே இடம் மாறுகின்றன. எந்தத் தராசிலும் காட்டாது."

பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்படியானால் இதற்குத் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு என்று யாரும் வெட்ட முடியாது" என்றார்.