படிகம் ஒழுங்காக இருந்தால் அசையாது என்று யார் சொன்னது?

பென்சீனையும் சைக்ளோஹெக்சேனையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே ஆறு கார்பன் வளையங்கள். ஒன்று 5.5 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, மற்றது 6.6 டிகிரியில். ஆனால் ஒரு மோல் பென்சீனை உருக்க ஏறத்தாழ 9.9 கிலோஜூல் வெப்பம் வேண்டும், சைக்ளோஹெக்சேனுக்கு 2.7 போதும். மீதிக் கணக்கு மைனஸ் 87 டிகிரியிலேயே தீர்ந்துவிட்டது. அங்கே சைக்ளோஹெக்சேன் 6.7 கிலோஜூலை வாங்கிக்கொண்டு வேறொரு படிகமாக மாறுகிறது. புதிய படிகத்திலும் மூலக்கூறுகள் வரிசை தவறாமல் தத்தம் இடத்தில்தான் இருக்கின்றன. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்ற கட்டுப்பாடு மட்டும் போய்விடுகிறது. பிறகு உருகும்போது கலைவதற்கு இடவொழுங்கு ஒன்றுதான் மிச்சம்.

இத்தகைய பொருள்களைப் பிளாஸ்டிக் படிகங்கள் என ஒரு வகையாகப் பிரித்துக் காட்டியவர் பெல்ஜிய வேதியியலாளர் ஜான் டிம்மர்மான்ஸ். உருகும்போது ஒழுங்கின்மை எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் உருகல் என்ட்ரோபி மோலுக்குச் சுமார் 20 ஜூல்/கெல்வினுக்குக் கீழே இருப்பது அவர் 1930களில் கண்ட அடையாளம். கற்பூரம், அடமன்டேன், கார்பன் டெட்ராகுளோரைடு எல்லாம் இந்தக் குடும்பம். கொஞ்சம் உருண்டையான மூலக்கூறு என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அளவீட்டுக்கு மாதிரி கொண்டுவரும் இளம் ஆய்வாளர்கள் பலர் "எக்ஸ் கதிர்ப் படத்தில் நான்கைந்து சிகரங்கள்தான் வந்தன, பெரிய கோணங்களில் ஒன்றுமே இல்லை, மாதிரி கெட்டுவிட்டது" என்று வருத்தப்படுவதுண்டு. பெரும்பாலும் மாதிரி நன்றாகவே இருக்கும். மூலக்கூறு சுழலும்போது எக்ஸ் கதிருக்குத் தெரிவது அதன் சராசரி உருவம், அதாவது மங்கலான ஓர் உருண்டை. அதனால் பெரிய கோணச் சிகரங்கள் விரைவில் மங்கிவிடும், அடியில் பரவலான மேடு ஒன்று எழும். மாதிரியைத் தூக்கி எறிவதற்கு முன் குளிர்வித்து மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான் அடிக்கடி வலியுறுத்தும் விஷயம் வேறு. ஒழுங்கின்மையும் அசைவும் ஒன்றல்ல. திட பென்சீன் எக்ஸ் கதிருக்கு அப்பழுக்கற்ற, ஒழுங்கான படிகம். ஆனால் 1953இல் ஆண்ட்ரூவும் ஈட்ஸும் அணுக்கருக்கள் காந்தப்புலத்தில் தரும் சமிக்ஞையைப் படிக்கும் அணுக்கருக் காந்த ஒத்திசைவில் (NMR) அதை அளந்தபோது, 90 கெல்வினுக்கும் 120 கெல்வினுக்கும் இடையில் நிறமாலைக் கோடு குறுகியது. மூலக்கூறு அசைவதன் அடையாளம் அது. வளையம் தன் தளத்துக்குள்ளேயே அறுபது அறுபது டிகிரியாகத் தாவிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் மூலக்கூறு முன்பிருந்தது போலவே தெரிவதால், எக்ஸ் கதிரும், மாதிரி வாங்கும் வெப்பத்தை அளக்கும் வெப்ப அளவியும் எதையும் கவனிப்பதில்லை. இதற்கு நேர்மாறானவை கண்ணாடிப் படிகங்கள். அவற்றில் திசைகள் தாறுமாறாக இருக்கும், ஆனால் உறைந்து நிற்கும்.

எத்தனால் இதில் பெரிய ஏமாற்றுக்காரன். திரவத்தை மிக வேகமாகக் குளிர்வித்தால் வழக்கமான கண்ணாடி கிடைக்கும். அதை வேறு விதமாகப் பக்குவப்படுத்தினால் கனசதுரப் படிகம் கிடைக்கும். அதற்குள் திசைகள் மட்டும் உறைந்திருக்கும். இரண்டுமே வெப்ப அளவியில் ஏறக்குறைய ஒரே இடத்தில், 97 கெல்வினையொட்டி, உறைந்த அசைவு விடுபடும்போது வெப்ப ஏற்புத்திறன் சட்டென உயரும் கண்ணாடி நிலைமாற்றப் படியைக் காட்டுகின்றன. அந்தப் படியை மட்டும் பார்த்து "உருவற்ற திண்மம்" என்று அறிக்கை எழுதுபவர்களை இப்போதும் பார்க்கிறேன். எக்ஸ் கதிர் இல்லாமல் அந்த முடிவுக்கு வர வழியே இல்லை.

தளர்வு நேரம் என்பது, சராசரியாக ஒரு மூலக்கூறு தன் பழைய திசையை மறக்க எடுக்கும் நேரம். ஒரு கருவி எந்த நேர அளவுகோலில் பார்க்கிறதோ அந்த அளவிலான அசைவுதான் அதற்குப் புலப்படும். ஒரு கருவி "சுழல்கிறது" என்றும் இன்னொன்று "நிற்கிறது" என்றும் சொன்னால் இரண்டும் சரியாகவே இருக்கலாம். அறை வெப்பநிலை நீரின் தளர்வு நேரம் 10 பிக்கோவினாடிக்குச் சற்றுக் குறைவு (ஒரு பிக்கோவினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). உறைநிலைக்குச் சற்றுக் கீழே பனிக்கட்டியில் அது பல பத்து மைக்ரோவினாடி, அதாவது பத்து லட்சம் மடங்குக்கும் மேல் மெதுவு. கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அளந்தால் பனிக்கட்டியின் மூலக்கூறுகள் திசை மாறுவது பளிச்சென்று தெரியும். 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்புக்கு அதே பனிக்கட்டி கிட்டத்தட்ட இல்லாத பொருள். உறைந்த உணவு ஓரத்தில் கொதித்து நடுவில் கல்லாக இருப்பது இதனால்தான்.

திண்மத்தில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்று இதிலிருந்து பொதுவிதி போட்டுவிடாதீர்கள். அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் கூடிய கார்பன் 60 உருண்டைகள் அறை வெப்பநிலையை ஒட்டித் தங்கள் படிகத்துக்குள் சுழலும் நேரம் சுமார் 10 பிக்கோவினாடி. சில கரைசல்களில் அதே உருண்டை இதைவிட மெதுவாகச் சுழல்கிறது.

மின்புலத்தைக் கொண்டு அளப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். அடமன்டேன் போல இருமுனைத் திருப்புத்திறன் (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் எனப் பிரிந்திருக்கும் தன்மை) இல்லாத மூலக்கூறு எவ்வளவு சுழன்றாலும் மின்புலத்துக்கு மாதிரி காட்டும் எதிர்வினையைப் பதியும் மின்கடத்தாப் பொருள் நிறமாலை மௌனமாகவே இருக்கும். அதைக் கொண்டு அசைவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. அடுத்து, குறைந்த அதிர்வெண்ணில் பிரமாண்டமாக எழும் மேட்டைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். மாதிரியின் தடிமனை மாற்றி மீண்டும் அளந்து பாருங்கள். மேட்டின் அதிர்வெண் இடம் பெயர்ந்தால் அது மின்முனையில் சேர்ந்த அயனிகளின் வேலை. மூலக்கூறின் தளர்வு தடிமனைப் பொருட்படுத்தாது.

நியோபென்டைல் கிளைக்கால் என்ற பிளாஸ்டிக் படிகத்தை அழுத்தியும் அழுத்தத்தை விடுவித்தும் குளிரூட்டும் பொருளாகப் பயன்படுத்தலாம் என்று 2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டிய பிறகு, இந்தப் படிகங்களைத் தேடி வரும் பொறியாளர்கள் கூடியிருக்கிறார்கள். 40 டிகிரியை ஒட்டி நடக்கும் அதன் நிலைமாற்றத்தில் என்ட்ரோபி மாற்றம் உண்மையிலேயே மிகப் பெரிது. ஆனால் சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் மாற்றம் ஒரே வெப்பநிலையில் நடப்பதில்லை. அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு அழுத்தம் தராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். எனவே என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது வெப்ப அளவியில் எடுத்த குளிர்விப்பு வளைகோட்டை. பலரிடம் சூடேற்றிய வளைகோடு மட்டுமே இருக்கிறது.